குளிரூட்டியும் கொம்பிரசரும்

சித்திரை மாதத்து நண்பகல். வவுனியாவைக் கடந்து தெற்கு நோக்கி ஒரு மோட்டார் வண்டி செல்லுகின்றது. அதிகாலையில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டபோது உள்ளே இதமான குளிர் இருந்தது. இப்பொழுதோ காற்றுத் துவாரங்களினூடாக வெக்கையே வருகின்றது. பின்னாசனத்தில் நோயாளியொருவர் சாய்ந்திருக்கின்றார். வாடகைக்கு வண்டியோட்டிப் பிழைக்கும் சாரதி, வழியிலுள்ள கராஜ் ஒன்றில் நிறுத்துகின்றார். முன்மூடியைத் திறந்த மாத்திரத்தே, “கொம்பிரசர் போய்விட்டது” என்ற தீர்ப்பு வருகின்றது. அதனை மாற்றுவதாயின் பல வாரத்து உழைப்பு அதற்கே சரியாய்விடும்.

தீர்ப்புச் சரியாகவும் இருக்கலாம். ஆனால் விசாரணையின்றி வழங்கப்பட்ட தீர்ப்பு அது. குளிரூட்டி குளிராதொழிவதற்குக் காரணங்கள் பல. கொம்பிரசரின் சாவு அவற்றுள் ஒன்று மாத்திரமே.

நூலோர் இதனை ‘அமுக்கி’ என்பர். கடையிற்சென்று அமுக்கி வேண்டுமெனக் கேட்டால் கடைக்காரர் விழிப்பாராதலின், கொம்பிரசர் என்றே சொல்லுவோம். மண்குடத்து நீர் குளிர்வது ஏன் என்பது நேயர்கள் அறிந்ததே. குடத்தின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுசெல்லுகின்றது. வண்டியினுள்ளே நீருக்குப் பதிலாக, ‘காஸ்’ என வழங்கும் குளிராக்கி அவ்வேலையைச் செய்கின்றது. இன்று ஓடும் வண்டிகளுட் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்பது. குளிர்ச்சுருளில் ஆவியான இந்தக் காஸ், தான் ஏற்ற வெப்பத்தை வெளியே விடவேண்டும். வெளிக்காற்றோ 35 பாகை செல்சியசிற் கொதிக்கின்றது. தன்னிலும் சூடான பொருளுக்கு எதுவும் வெப்பத்தைக் கொடுக்கமாட்டாது. ஆகவே கொம்பிரசர் அதனைச் சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை அமுக்குகின்றது. அவ்வழுத்தத்தில் காஸ் ஏறக்குறைய 55 பாகையில் திரவமாகும். முன்னாலுள்ள கொண்டென்சரில் வெப்பத்தை எளிதாகக் கக்கிவிடும். திரும்பவும் அழுத்தம் 28 இறாத்தலளவுக்கு இறங்கும்போது அதே காஸ் பூச்சியப் பாகையிலேயே ஆவியாகும். குளிரூட்டியின் மருமம் முழுவதும் இவ்விரண்டு அழுத்தங்களுக்கிடையிலுள்ள வேற்றுமையே.

முதலிற் பார்க்கவேண்டியது, கொம்பிரசர் சுழலுகின்றதா என்பதை. 1939இல் அமெரிக்காவின் பக்கார்ட் நிறுவனம் தனது 1940ஆம் ஆண்டு வண்டிகளுக்கெனக் குளிரூட்டியை அறிமுகஞ் செய்தபோது, குளிர் வேண்டாமெனின் வண்டியை நிறுத்தி, இறங்கி, வார்ப்பட்டையைக் கழற்றவேண்டியிருந்தது. அத்தொல்லையை நீக்கியது கிளச். இயந்திரம் ஓடும்பொழுதெல்லாம் கப்பி வெறுமனே சுழலும். விசையை அழுத்தியதும் மின்காந்தம் முன்னாலுள்ள தட்டைக் ‘க்ளிக்’ என்ற ஒலியோடு கப்பியிற் பற்றவைக்கும். கப்பி சுழன்று தட்டுச் சும்மா நிற்குமாயின் கொம்பிரசருக்கு வேலையே கொடுக்கப்படவில்லை என்பது பொருள். பியூஸ் எரிந்திருக்கலாம், றிலே பழுதடைந்திருக்கலாம், காஸ் குறைந்தமையால் அழுத்த விசை மின்னைத் தடுத்திருக்கலாம். (புதிய வண்டிகள் சிலவற்றிற் கிளச் இல்லாத கொம்பிரசரும் உண்டு. அவற்றுக்கு இச்சோதனை பொருந்தாது.)

தட்டுக்கும் கப்பிக்கும் இடையே அரை மில்லிமீற்றரளவு இடைவெளியே இருக்கவேண்டும். ஆண்டுக்கணக்கிலே தேய்ந்து இது அகன்றுவிட்டால் விசித்திரமான நோய் ஒன்று தோன்றும். காந்தச்சுருள் குளிர்ந்திருக்கும் காலையில் தட்டைப் பற்றி இழுக்கும். சூடேறினால் கம்பியின் மின்தடை கூடும், மின்னோட்டம் குறையும், காந்தம் வலுவிழக்கும்; நண்பகலில் தட்டு எட்டாது. அரைமணிநேரம் ஆறவிட்டால் மீண்டும் வேலை செய்யும். காலையிற் குளிரும் நண்பகலில் வெக்கையுமாக வந்த நம் சாரதியின் வண்டிக்கு நேர்ந்தது இதுவாகவே இருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தி இடைவெளியை அளந்து, தட்டின் பின்னேயுள்ள மெல்லிய வாஷர் ஒன்றை நீக்கிவிட்டாற் பெரும்பாலும் போதும். ஒரு வாஷருக்காகக் கொம்பிரசரையே மாற்றுவது, படலை கிரீச்சிட்டதென்று வீட்டை இடிப்பது போலாகும்.

காஸ் குறைவது பற்றி ஒரு தவறான எண்ணம் உலவுகின்றது. பெற்றோலைப்போல இதுவும் செலவாகுமென்று நினைத்து, ஆண்டுதோறும் நிரப்புவோர் உளர். காஸ் செலவாவதில்லை, மூடிய குழாய்களுக்குள்ளே சுற்றிக்கொண்டேயிருக்கும். குறைந்ததாயின் ஒழுகியது என்பதே பொருள். எண்ணெய்ப்பசையோடு புழுதி ஒட்டிய மூட்டுக்களைத் தேடவேண்டும். சவர்க்கார நுரை இட்டுப் பார்க்கவேண்டும். சிலர் அழுத்த விசையை ஒரு கம்பியால் இணைத்துக் கிளச்சைக் கட்டாயமாக ஓடவைப்பர். இது கொலைக்கு ஒப்பானது. கொம்பிரசருக்கு வேண்டிய எண்ணெய் காஸோடு கலந்தே சுற்றி வருகின்றது. காஸ் இல்லையாயின் எண்ணெயும் வந்து சேராது.

அடுத்து அழுத்தமானிகள். இயந்திரம் நின்று 30 பாகை வெப்பத்தில் ஆறியிருக்கும்போது இரு மானிகளும் ஏறக்குறைய 97 இறாத்தலைக் காட்டும். உள்ளே திரவம் சிறிதேனும் உண்டென்பதற்கே அது சாட்சி, எவ்வளவென்பதைச் சொல்லாது. ஓடும்போது தாழ்பக்கம் 25 முதல் 45 வரையும், உயர்பக்கம் 150 முதல் 250 வரையும் நிற்பது வழமை. நம் நாட்டு வெயிலில் மேலும் சற்று ஏறும். உயர்பக்கம் வரம்பின்றி ஏறினால் விசிறி நின்றிருக்கும் அல்லது கொண்டென்சரில் அழுக்கடைத்திருக்கும். தாழ்பக்கம் பூச்சியத்துக்கு இறங்கினால் விரிவு வால்வில் அடைப்பைச் சந்தேகிக்கவேண்டும். காஸ் போதியளவு இருந்தும், தட்டுச் சுழன்றும், இரு முட்களும் ஒன்றையொன்று நெருங்கி நின்றால் மாத்திரமே கொம்பிரசர் அமுக்கும் வலியை இழந்ததெனலாம். குளிரூட்டியை இயக்கும்போது மட்டும் உள்ளிருந்து கடகடவென்னும் ஓசை எழுவதும் அத்தகைய குறியே. நிறுத்தியபின்னும் ஓசை தொடர்ந்தால் கப்பியின் பெயரிங்கைப் பார்க்கவேண்டும். அதைத் தனியே மாற்றலாம்.

மாற்றத்தான் வேண்டுமென்றானபின் காஸை வெளியே திறந்துவிடலாகாது. புவியைச் சூடாக்குவதில் இது கரியமிலவாயுவினும் ஆயிரம் மடங்குக்கு மேல் வலியது. அதற்குரிய இயந்திரத்தினால் மீட்டெடுக்கவேண்டும். பழைய கொம்பிரசரிலுள்ள எண்ணெயை அளவுகோப்பையிற் கவிழ்த்துப் பார்ப்பதே இவ்வேலையின் முக்கிய கட்டம். தெளிவாக இருப்பின் நன்று. கருமையாகி வெள்ளித் துகள்கள் மின்னுமாயின், உடைந்த உலோகம் குழாயெங்கும் பரவிவிட்டது. இக்காலத்துக் கொண்டென்சர்களின் நுண்ணிய துவாரங்களைக் கழுவித் துப்புரவாக்க இயலாது. அதனையும், வால்வையும், டிறையர் எனப்படும் ஈரமுறிஞ்சியையும் மாற்றவேண்டும். இச்செலவுக்கு அஞ்சிக் கொம்பிரசரை மட்டும் மாற்றினால், பழையதன் துகள்கள் புதியதையும் தின்னும். “இரண்டாவதும் போய்விட்டது” என்று அங்கலாய்ப்போர் பலரின் கதை இதுவே.

துகளில்லையாயினும் டிறையரும் றப்பர் வளையங்களும் புதியனவாக இருத்தல்வேண்டும். எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாகையால், திறந்த குழாய்வாய்களை உடனே அடைக்கவேண்டும். பூட்டியபின் அச்சைக் கையாற் பத்துமுறை சுழற்றி, உள்ளே தேங்கிய எண்ணெயைப் பரவச்செய்வர். பின்னர் வெற்றிடப் பம்பியை முக்கால் மணிநேரமாவது ஓட்டவேண்டும். வெற்றிடத்தில் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாக வெளியேறும். பம்பியை நிறுத்தியபின் முள் அசையாது நிற்கின்றதா என்று பொறுத்திருந்து பார்த்து, முன்மூடியின் கீழ் ஒட்டப்பட்ட சீட்டிற் குறித்த நிறையளவு காஸை, தராசில் நிறுத்தே விடவேண்டும். மானியை மட்டும் நம்பி நிரப்புவது உப்பைக் கண்ணளவாற் போடுவதன்று; அதிலும் ஆபத்தானது.

யப்பானிலிருந்து வந்து நம் வீதிகளில் நிறைந்துள்ள ஹைபிறிட் வண்டிகளைப் பற்றித் தனியே எச்சரிக்கவேண்டும். அவற்றிற் பலவற்றின் கொம்பிரசரைச் சுழற்றுவது வார்ப்பட்டையன்று. 200 வோற்றுக்கு மேற்பட்ட மின்சாரம். செம்மஞ்சள் நிறக் கம்பிகளைப் பயிற்சியற்றவர் தொடுதல் ஆகாது. சாதாரண வண்டிக்குரிய எண்ணெய் இவற்றுட் சிறிது கலந்தாலும் மின்காப்புக் கெட்டு, கணனி வண்டியையே நிறுத்திவிடக்கூடும். முந்திய வண்டியில் உபயோகித்த குழாய்களையும் மானியையும் துப்புரவின்றி இணைப்பதாற்கூட இது நேரலாம். ஆகையால் இவ்வண்டியை ஒப்படைக்குமுன், என்ன எண்ணெய் விடப்போகிறீர்கள் என்று கேட்டறிவதும், வேலை முடிந்தபின் கழற்றிய பழைய பாகத்தையும் எண்ணெயையும் காட்டும்படி கேட்பதும் உரியவர் செய்யக்கூடியவை.