சுறாவும் சர்க்காரும்

1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், சிட்னி நகரின் கூஜீ கடற்கரையை ஒட்டியிருந்த காட்சிசாலைக் குளத்தில், சில தினங்களுக்கு முன்புதான் கடலிலிருந்து உயிரோடு பிடித்து வந்து விடப்பட்டிருந்த ஒரு புலிச்சுறா, விடுமுறை நாளைக் கழிக்கக் கூடியிருந்த ஜனங்களின் கண்ணெதிரிலேயே ஒரு மனிதக் கையைக் கக்கியது. மணிக்கட்டில் கயிறு கட்டியிருந்தது. முன்கையில் இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள் எதிரும் புதிருமாக நிற்கும் உருவம் பச்சை குத்தப்பட்டிருந்தது. கடலில் குளிக்கப் போன யாரையோ சுறா விழுங்கிவிட்டது என்று ஊரே நடுங்க, வைத்தியர்களோ கையைச் சோதித்துப் பார்த்துவிட்டு, அதை உடலிலிருந்து பிரித்தது சுறாவின் பல் அல்ல, மனிதனின் கத்தியே என்று சொன்னார்கள். கொலை வழக்கு நடந்தது; ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. சுறாவை மட்டும் கொன்றுவிட்டார்கள்.

அந்தப் பிராணிக்குக் கிடைத்த நீதி அது. அதே காலத்தில், குளிப்பவர்களைச் சுறாக்கள் கடித்த சம்பவங்கள் உண்மையாகவே நடந்துகொண்டிருந்தமையால், நியூ சவுத் வேல்ஸ் சர்க்கார் பரிகாரம் தேடி ஒரு கமிட்டியை நியமித்து, அதன் யோசனைப்படி 1937 முதல் சிட்னியின் கடற்கரைகளுக்கு எதிரே வலை போடத் தொடங்கியது. நியூகாசில் முதல் வொல்லாங்காங் வரையில் 51 கடற்கரைகளில் வலை போடும் ஏற்பாடாக அது வளர்ந்தது. வலை என்றவுடன் கரையை வேலிபோல் வளைத்து நிற்கும் ஒன்றை நாம் மனத்தில் எழுதிக்கொள்கிறோம், உண்மை அப்படியன்று. ஒவ்வொரு வலையும் ஏறத்தாழ 150 மீட்டர் நீளமும் 6 மீட்டர் உயரமும் உடையது, கடலடியில் கிடப்பது, அதன் மேலாகவும் இருபுறமாகவும் சுறா தாராளமாக வந்துபோகலாம். சிக்கிய சுறாக்களில் கணிசமான பங்கு, வலைக்குக் கரைப்பக்கமாக, அதாவது ஜனங்கள் குளிக்கும் பக்கத்திலிருந்து திரும்பிப் போகையில் அகப்பட்டவையே. கூடவே கடலாமையும் திருக்கையும் ஓங்கிலும் மாட்டி மடிகின்றன.

அப்படியானால் வலையால் பிரயோஜனமே இல்லையா என்று கேட்டால், அதை ஆதரிப்பவர்கள், 1963க்குப் பிறகு 2022 வரையில் சிட்னியில் சுறாவால் ஒரு மரணமும் நிகழவில்லை என்பதை எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கணக்கு உண்மை. ஆனால், அந்த 60 ஆண்டுகளுக்குள்ளேதான் கரையில் உயிர்காக்கும் தொண்டர்களின் பயிற்சியும், விரைந்து வரும் ஆம்புலன்ஸும், காயம்பட்டவருக்கு ரத்தம் ஏற்றும் சிகிச்சையும் முன்னேறின என்பதையும், கடிபட்டும் பிழைத்தவர்கள் அவற்றாலேயே பிழைத்தார்கள் என்பதையும் அந்தக் கணக்கிலிருந்து கழித்துப் பார்ப்பது எளிதல்ல.

இந்த இடத்தில் நம்முடைய மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு என் நினைவுக்கு வருகிறது. அங்கே மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாகச் சொல்லிய கடல்கட்டி என்பவர் கரையில் இருந்தாலொழிய, குளியாட்கள் நீரில் இறங்கச் சம்மதித்ததில்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்கு மந்திரத்தில் கிஞ்சித்தும் நம்பிக்கை கிடையாது. எனினும், அவர் இல்லாவிட்டால் முத்து வராது, முத்து வராவிட்டால் வருமானம் வராது என்பதை அறிந்து, அவரை இருக்க விட்டார்கள். சிட்னியின் வலைக்கும் இந்தக் கடல்கட்டி உத்தியோகத்துக்கும் அதிக தூரமில்லை என்பது என் அபிப்பிராயம். சுறாவைத் தடுப்பதைவிட மனிதனின் பயத்தைத் தடுப்பதே இரண்டுக்கும் பிரதான வேலை.

வலையோடு நிற்காமல் வேட்டைக்குக் கிளம்பிய சர்க்கார்களும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒரு இளைஞன் சுறாவால் இறந்ததைத் தொடர்ந்து, 1959 முதல் 1976 வரை விட்டுவிட்டு நடந்த வேட்டைகளில் 4,668 சுறாக்கள் கொல்லப்பட்டன. பின்னர் விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்தபோது, கடிக்கும் சம்பவங்கள் குறைந்ததற்கு அடையாளம் எதுவும் தென்படவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கதை இன்னும் விசித்திரமானது. சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்துப் பலர் இறந்துவிட, அந்த மரணங்களுக்கு வெள்ளைச்சுறாவே காரணம் என்று கருதிய மாகாண சர்க்கார், 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மிதவைகளில் இரைகோத்த பெருந்தூண்டில்களைக் கட்டிவிட்டுக் காத்திருந்தது. 172 சுறாக்கள் மாட்டின, பெரும்பாலானவை புலிச்சுறாக்கள், வெள்ளைச்சுறா ஒன்றுகூட இல்லை. ஆயிரக்கணக்கான ஜனங்கள் கடற்கரையில் கூடிக் கண்டித்தார்கள். அதே வருஷத்தில் சுற்றுச்சூழல் அதிகார சபையும் வேண்டாமென்று சொல்ல, திட்டம் கைவிடப்பட்டது.

உலகமுழுவதிலும், மனிதன் சீண்டாமலே சுறா கடிக்கும் சம்பவங்கள் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 60 முதல் 70 வரை. அவற்றில் மரணம் 5 அல்லது 6. ஐந்நூற்றுக்கு மேற்பட்ட சுறா இனங்களில், மனிதனுக்கு மெய்யாகவே அபாயமானவை என்று சொல்லத்தக்கவை வெள்ளைச்சுறா, புலிச்சுறா, காளைச்சுறா ஆகிய மூன்றுதான். ஆனால் மகனைப் பறிகொடுத்த தாயிடம் போய்ச் சராசரியைச் சொல்லுவது மனிதத் தன்மையாகாது. ஏதேனும் செய்தாக வேண்டும் என்று ஜனங்கள் கேட்பது நியாயமே. எதைச் செய்வது என்பதில்தான் விவேகம் வேண்டியிருக்கிறது.

விவேகமாகச் செய்த ஊர் ஒன்றைச் சொல்லுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரை அடுத்த மியூசன்பெர்க் கடற்கரைக்குப் பின்னே மலை எழுந்து நிற்கிறது. 2004 முதல் அந்த மலைச்சரிவில், நீரின் மினுமினுப்பை அடக்கிக் காட்டும் கண்ணாடி அணிந்து, கையில் பைனாகுலருடன் ஒரு காவலர் கடலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். மேலிருந்து பார்க்கையில், தெளிந்த நீரில் வரும் சுறா கரிய நிழலாகத் தெரிகிறது. உடனே கரையிலிருக்கும் துணைக் காவலருக்கு ரேடியோவில் செய்தி போகிறது, சங்கு ஒலிக்கிறது, சுறா உருவம் வரைந்த வெள்ளைக் கொடி ஏறுகிறது, நீரிலிருப்பவர்கள் கரையேறுகிறார்கள். நீர் தெளிந்து சுறா இல்லையென்றால் பச்சைக் கொடி. சுறா அருகில் வந்து போயிருந்தால் சிவப்புக் கொடி. நீர் கலங்கிக் காவலருக்கே ஒன்றும் புலப்படாதபோது கறுப்புக் கொடி. இந்தக் கறுப்புக் கொடியைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். தனக்குத் தெரியவில்லை என்பதைப் பகிரங்கமாக ஒப்புக்கொள்ளும் அதிகாரத்தை உலகில் எங்கே காண்கிறோம்! மலையில்லாத ஆஸ்திரேலியக் கரைகளில் இதே வேலையை இப்போது டிரோன்கள் செய்கின்றன. அங்கே புதுவிதத் தூண்டில்களும் வந்துள்ளன. சுறா மாட்டியவுடன் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குச் செய்தி போகும். படகினர் வந்து, அதன் உடலில் அடையாளக் கருவியைப் பொருத்தி, கரையிலிருந்து தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

குளிப்பவர் தாமே அறிந்திருக்க வேண்டியவையும் சில உண்டு. அந்திக் கருக்கலிலும், மழைக்குப் பின் ஆறு கலங்கிக் கடலில் விழும் முகத்துவாரத்திலும், பறவைகள் பாய்ந்து மீன்கூட்டத்தைக் கொத்துமிடத்திலும், தூண்டில்காரர்கள் இரைபோடும் இடத்திலும் இறங்கலாகாது. தனியே தூரம் போகலாகாது. சுறாவைக் கண்டுவிட்டால் கைகாலை அடித்துக் கலவரப்படாமல், அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், மெல்ல மெல்லக் கரைப்பக்கம் பின்வாங்க வேண்டும். கடித்தே விட்டால் அதன் கண்ணையும் செவுளையும் பலங்கொண்டமட்டும் குத்த வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கடித்த பிறகு கழியும் முதல் சில நிமிஷங்கள். சுறா பெரும்பாலும் ஒருமுறை கடித்துவிட்டு விலகிவிடுகிறது. ஆளை அது தின்பதில்லை. உயிரைக் கொண்டுபோவது ரத்தப்போக்கு. உதவிக்குப் போகிறவரை அது திரும்பக் கடிப்பதும் அபூர்வம். ஆகவே, காயம்பட்டவரை அலை எட்டாத இடத்துக்குக் கொண்டுவந்த மாத்திரத்தில், காரைத் தேடி ஓடாமல், அங்கேயே கிடத்தி ரத்தத்தை நிறுத்த வேண்டும். காயம் காலில் என்றால், இடுப்பெலும்பின் முன்முனைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே, தொடை ஆரம்பிக்கும் மடிப்பில் முஷ்டியை வைத்து, முழங்கையை மடக்காமல், உடல் பாரம் முழுவதும் இறங்கும்படி அழுத்த வேண்டும். தொடைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அங்கேதான் ஓடுகிறது. ஆஸ்திரேலிய வைத்தியர் ஒருவர் பரிசோதித்துப் பார்த்து, அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்குக் கற்பித்துவரும் முறை இது. இன்னொருவர் அதற்குள் காயத்துக்கு மேலே பட்டையை இறுக்கிக் கட்டலாம். பட்டை கிடைக்காவிட்டால் சறுக்குப் பலகையின் கால்கயிற்றைக் கட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பி அழுத்துவதை நிறுத்தலாகாது. கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, உடம்பு குளிராமல் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை பிடித்த பிடியை விடாதிருக்க வேண்டும்.

ஒரு வலைக்காகும் செலவில் எத்தனை கடற்கரைகளில் ரத்தப்போக்கை நிறுத்தும் பட்டைகளும் கட்டுத்துணிகளும் அடங்கிய பெட்டிகளை வைக்கலாம், எத்தனை காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று கணக்கிட்டு, பணத்தை அங்கே திருப்புவதே சர்க்கார்கள் செய்யத்தக்கது. பிள்ளைகளைப் பார்க்க சிட்னிக்கும் பெர்த்துக்கும் போகும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை: அங்கே சுறாவைவிட, கரையிலிருந்து ஆளை இழுத்துச்செல்லும் கடல் நீரோட்டம் ஆண்டுதோறும் அதிகம் பேரைக் கொல்கிறது. சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளை நட்டு, அவற்றுக்கிடையே உயிர்காப்போர் காவல் இருப்பார்கள். அந்தக் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள்; கொடி இல்லாத கரையில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.