உணவுக்கு வேலை நிபந்தனை: தண்டிக்கப்படுவது யார்?

ஐக்கிய அமெரிக்காவில் முன்னர் உணவு முத்திரை எனப்பட்ட வறியோருக்கான உணவு உதவித்திட்டம், 2008 முதல் 'ஸ்னப்' என அழைக்கப்படுகிறது. 1996 இல் ஜனாதிபதி பில் கிளின்டன் கையொப்பமிட்ட சட்டம் இத்திட்டத்துக்கு ஒரு நிபந்தனையை விதித்தது. உடல் ஆரோக்கியமுள்ள, பராமரிக்கப் பிள்ளைகளற்ற 18 முதல் 49 வயது வரையானோர் மாதம் 80 மணித்தியாலங்கள் வேலையிலோ பயிற்சியிலோ ஈடுபட வேண்டும். இல்லையேல் 36 மாதங்களில் 3 மாதங்களுக்கு மட்டுமே உதவி கிடைக்கும். 2023 ஆம் ஆண்டின் சட்டம் வயதெல்லையைப் படிப்படியாக 54 ஆக்கியது. 2025 ஜூலையில் ஜனாதிபதி ட்ரம்ப் கையொப்பமிட்ட சட்டம் அதனை 64 ஆக உயர்த்தியதுடன், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளற்ற பெற்றோரையும் உள்ளடக்கியது.

உழைக்கக்கூடியவர் உழைக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், வேர்ஜீனியா மாநிலத் தரவுகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள், நிபந்தனைக்குட்பட்டோரில் உதவி பெறுவோர் தொகை பாதிக்கும் மேலாகக் குறைந்ததையே கண்டனர். வேலைவாய்ப்பு பெருகியமைக்குச் சான்று கிட்டவில்லை. ஒழுங்கற்ற நேரங்களில் கூலிக்கு உழைப்பவர் 80 மணித்தியாலங்களை ஆவணங்களால் நிரூபிப்பது எளிதன்று. படிவமொன்று தவறினால் உழைப்பவரும் உணவை இழக்க நேரிடும். வேலையை உருவாக்காத நிபந்தனை சோம்பலை ஒழிப்பதில்லை. பசியையே பெருக்குகிறது என்பதே எமது நிலைப்பாடாகும்.