காது கேளாத வெள்ளையன்

நாகல் நகர்வாசிகளில் விடியற்காலையில் எழுந்திருக்கும் நல்ல பழக்கம் உள்ளவர்கள், சென்ற இரண்டு வருஷங்களாக ஒரு வேடிக்கையைக் கண்டு வருகிறார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர், மூங்கில் குச்சிக் கட்டு ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, இடுப்புயரமுள்ள ஒரு வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு ஊருக்கு வெளியே போகிறார். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திரும்பி வருகிறார்கள். நாய் உற்சாகமாக வருகிறது. உபாத்தியாயர் மூச்சிரைக்க வருகிறார். அந்த உபாத்தியாயர் நாமேதான் என்பதை இனி மறைப்பதில் பிரயோசனம் இல்லை.

குச்சிகள் எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. ஆங்கிலத்தில் அஜிலிட்டி என்று சொல்லப்படும் தடைதாண்டும் போட்டிக்காகத்தான். 1978ஆம் வருஷம் லண்டனில் 'கிரப்ட்ஸ்' என்னும் பிரசித்தமான நாய்க் கண்காட்சி நடந்தபோது, ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்த நிகழ்ச்சிக்கும் இடையே ஜனங்கள் கொட்டாவி விடாமல் இருப்பதற்காகச் சிறிது நேர வேடிக்கை ஒன்று வேண்டியிருந்தது. குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து, அதுபோலவே நாய்களுக்கும் ஒன்றை அமைத்தார்கள். இடைவேளைக்கு வந்த விதூஷகன் நாடகத்தையே தனதாக்கிக்கொண்ட கதையாக, இன்று அது உலகமெங்கும் பரவிவிட்டது. 1996 முதல் உலகப் போட்டியே நடந்து வருகிறது.

ஆட்டத்தின் விதி சுலபம். மைதானத்தில் இருபது தடைகள் வரை இருக்கும். தாண்டுவதற்குக் குறுக்குக் கம்புகள், நுழைந்து போவதற்கு ஒரு குழாய், ஏறி இறங்குவதற்குக் கூரை போன்ற பலகை, ஓரடி அகலமே உள்ள உயரப் பாலம், ஏற்றப் பலகை, வரிசையாக நட்ட பன்னிரண்டு குச்சிகள். எஜமானர் கூடவே ஓடலாம், பேசலாம், கை காட்டலாம், நாயைத் தொடக் கூடாது. நாயின் கழுத்தில் கயிறு கிடையாது. எஜமானர் கையில் தின்பண்டம் கிடையாது. கம்பைத் தட்டிவிட்டால் ஐந்து குற்றப் புள்ளி. தடையின் எதிரே நின்று மறுத்தாலும் ஐந்து. மூன்றாம் முறை மறுத்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இந்த ஆட்டத்தில் கொடி கட்டிப் பறப்பவை ஆட்டு மந்தை மேய்க்கும் ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து நாய்கள். நம் நாட்டு நாய்களைப் பற்றிப் பிரஸ்தாபித்தால் நாய்ப் பிரியர்களே புன்னகை செய்வார்கள். "ஓடும், கடிக்கும், காவல் காக்கும், படிப்பு ஏறாது" என்பது அவர்கள் தீர்ப்பு. 2005ஆம் வருஷத்தில் நம் தபால் இலாகா நான்கு இந்திய நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டது. அவற்றில் இராஜபாளையமும் ஒன்று. தபால் தலையில் இடம் கொடுப்பது ஒன்று, பயிற்சி மைதானத்தில் இடம் கொடுப்பது வேறு. ஆனாலும் காற்று சற்றுத் திசை மாறியிருக்கிறது. 2024ஆம் வருஷம் லக்னோவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் போட்டியில், எல்லைப் பாதுகாப்புப் படையைச் சேர்ந்த ரியா என்னும் கர்நாடகத்து முதோல் நாய் சீமை ஜாதிகளையெல்லாம் பின்தள்ளி முதற் பரிசு பெற்றது. மேற்கு மலை அடிவாரத்துக் கோம்பை நாய்களுக்கும் மத்திய ரிசர்வ் போலீஸார் பெங்களூரில் பயிற்சி அளிக்கிறார்கள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்த நாய்களைக் குறை கூறுமுன், அவற்றின் உத்தியோகம் போய்விட்டதை நினைக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயலைத் துரத்தப் பிறந்தவை. இராஜபாளையம் காட்டுப் பன்றியை எதிர்க்கவும் காவல் இருக்கவும் வளர்க்கப்பட்டது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் வேட்டையை நிறுத்தியது. நிறுத்தியது மிகவும் சரி. ஆனால் மைல் கணக்கில் ஓடுவதற்கென்று அமைந்த கால்கள் சட்டத்தைப் படித்துவிட்டு மடங்கிக்கொள்ளுமா? இன்று அந்த ஜாதிகளில் எத்தனையோ நாய்கள் இரும்புக் கிராதிக்குப் பின்னால் சங்கிலியில் கிடந்து, தெருவில் போகிறவர்களைக் குரைத்தே ஆயுளைக் கழிக்கின்றன. அப்புறம் அவற்றை முரடு என்கிறோம்.

வெள்ளையன் நம்மிடம் வந்த விதம் பெருமைப்படத் தக்கதல்ல. தெற்கேயிருந்து குட்டிகள் கொண்டுவந்து விற்ற ஒருவர், நான்கு மாதமாகியும் விலை போகாத ஒரு குட்டியை, "சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை, சார்" என்று நம் திண்ணையில் விட்டுச் சென்றார். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, இலட்சணத்தில் குறையே இல்லை. இலவசத்தின் காரணம் இரண்டு நாளில் விளங்கிற்று. அதன் முதுகுக்குப் பின்னால் நம் தாயார் பித்தளைத் தாம்பாளத்தைக் கீழே போட்டார். தெருவே திரும்பிப் பார்த்தது. குட்டி மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளை நாய்களுக்கு, முக்கியமாக இராஜபாளையத்துக்கும் டால்மேஷியனுக்கும், இந்தக் குறை வருவதுண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே வகை அணுக்கள் உட்காதிலும் இருந்து அதைப் போஷிக்க வேண்டும். அவை அங்கே போய்ச் சேராவிட்டால், பிறந்த சில வாரங்களுக்குள் ஒலியை உணரும் நுண்ணிய உறுப்புகள் அழிந்துவிடும். மருந்து கிடையாது. தூய வெள்ளைதான் வேண்டும் என்று நாம் விலை கொடுக்கிறோம். அந்த வெள்ளைக்கு நாய் தன் காதைக் கொடுக்கிறது.

கேட்காத நாய்க்குப் பெயர் எதற்கு? ஆனாலும் வீட்டாருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. வெள்ளையன் என்று வைத்தோம். அது சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் நம் தாயார் கரண்டியை ஓங்கி, "வெள்ளையனே, வெளியேறு!" என்பார். 1942ஆம் வருஷத்து வெள்ளையர்களைப் போலவே இவனும் சொன்னவுடன் வெளியேறவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவனுக்குப் பாடம் சொல்வது எப்படி? இருபது வருஷ உபாத்தியாய அனுபவம் ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த அனுபவம் முழுவதும் தொண்டையில் அல்லவா இருந்தது? முதலில் கட்டை விரலை உயர்த்தினால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல் என்று பழக்கினோம். (ஈரலுக்கு நம் வீட்டில் அடுப்பு மறுக்கப்பட்டதால் பக்கத்து வீட்டு அக்காள் வேகவைத்துத் தருகிறார்.) கட்டை விரல் என்றால் "சபாஷ்", உள்ளங்கையைக் கீழே சாய்த்தால் "உட்கார்", இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தினால் "ஓடி வா." இருட்டில் கூப்பிடுவதற்குப் பேட்டரி விளக்கு. தூங்கும்போது எழுப்புவதற்குத் தரையில் காலால் ஒரு தட்டு. தொட்டு எழுப்பினால் திடுக்கிட்டுக் கடிக்க வரும்; அந்தப் பாடத்தை நமக்கு அவன் ஒரே நாளில் கற்பித்துவிட்டான். பாவு நூல் நீட்டிய வீதிகளும் தறிச் சத்தமும் நாகல் நகருக்குப் பழையவை. அந்தச் சத்தத்தில் வாழ்ந்த முதியவர்கள் சிலர் கையாலேயே பேசுவதில் கைதேர்ந்தவர்கள். அவர்கள்தான் இவனோடு நம்மைவிடச் சரளமாகச் சம்பாஷித்தார்கள்.

இவ்விடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பல வருஷங்களுக்கு முன் நம் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் ஒரு பையன் இருந்தான். கேள்வி கேட்டால் விழிப்பான். கவனமில்லாதவன், மந்தம் என்று வருஷம் முழுவதும் அவனைத் தீர்த்துக்கட்டி வைத்திருந்தோம். அவனுக்கு ஒரு காது அடியோடு கேட்காது, மற்றொன்று பாதி கேட்கும் என்பது அவன் பள்ளியை விட்டு நின்ற பிறகு அவன் தகப்பனார் சொல்லித்தான் தெரிந்தது. முன் பெஞ்சிக்கு மாற்றியிருந்தால் போதும். தாம்பாளம் விழுந்த அன்று இரவு நமக்குத் தூக்கம் வராததற்கு நாய் காரணமல்ல.

பதினெட்டு மாதம் ஆகும்வரை உயரத் தாண்ட விடக்கூடாது. எலும்பு முற்றாத குட்டியைக் குதிக்கவிட்டால் மூட்டு கெட்டுவிடும். ஆகையால் முதலில் தரையில் வைத்த ஏணியின் படிகளுக்கிடையே நடை. பிறகு ஊர் ஓரத்தில் நண்பர் ஒருவருடைய தரிசில், மலைக்கோட்டை மங்கலாகத் தெரியும் வெளிச்சத்தில், நம் சொந்த மைதானம் உருவாயிற்று. சைக்கிள் வளையங்களின் மேல் சாக்கைத் தைத்துக் குழாய். கால் ஒடிந்த பெஞ்சிப் பலகைகளால் பாலம். அறுபது சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பன்னிரண்டு மூங்கில் குச்சி. வெயில் ஏறிவிட்டால் எல்லாம் முடிந்தது. திண்டுக்கல் சமவெளியில் பங்குனி மாதத்துத் தார் ரோடு, நாயின் பாதத்தைக் கொப்புளிக்க வைத்துவிடும்.

குச்சிகளுக்குள் வளைந்து நெளிந்து போவதுதான் ஆட்டத்திலேயே கடினமான பாடம். முதல் குச்சி எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் வர வேண்டும். ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. வெள்ளையனுக்கு இது ஐந்து மாதம் பிடித்தது. குழாயோ அவனுக்குப் பெரிய அவமானமாகத் தோன்றியது. குழாயின் விட்டம் அறுபது சென்டிமீட்டர்; அவன் உயரம் எழுபது. இராஜபாளையத்தான் தலை குனிவதா?

ஆனால் உண்மையான கஷ்டம் வேறு. மற்ற நாய்கள் முன்னே பாயும்போது எஜமானர் பின்னாலிருந்து கூவுகிறார். நாம் யாரைக் கூவுவது? அவன் கண்ணுக்குத் தெரிந்தால்தான் நமக்குப் பேச்சு உண்டு. அவன் முதுகைக் காட்டிய க்ஷணத்தில் நாம் ஊமை. அவனைவிட வேகமாக ஓடி முன்னே நிற்பது நம் தேகத்துக்கு ஆகிற காரியமல்ல. எனவே ஒவ்வொரு தடை தாண்டியதும் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கக் கற்பித்தோம். ஒரு தலைத் திருப்பலுக்கு அரை வினாடி நஷ்டம். இருபது தடைக்குப் பத்து வினாடி. போட்டியில் அது மலைபோன்ற நஷ்டம். தெரிந்தே ஒப்புக்கொண்டோம்.

சென்ற வருஷம் தை மாதத்தில், வெளியூரில் நாய்ப் பிரியர்கள் சிலர் கூடி நடத்திய சிறு பந்தயத்துக்கு அவனை அழைத்துச் சென்றோம். முதல் நான்கு தடைகளும் அற்புதமாக முடிந்தன. இப்படிப்பட்ட பெரிய நாட்டு நாய் இவ்வளவு லாகவமாகத் தாண்டுவதைக் கண்ட ஜனங்கள், சந்தோஷ மிகுதியால் கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தட்டினார்கள். இரு கைகளும் தலைக்கு மேல்! வெள்ளையன் நின்றான், சுற்றிலும் பார்த்தான். ஐம்பது பேர் ஒரே சமயத்தில் "ஓடி வா" என்கிறார்கள். கயிற்றைத் தாண்டி முதல் வரிசைக்கு ஓடி ஒரு சிறுவன் எதிரே மரியாதையாக உட்கார்ந்து ஈரலுக்காகக் காத்திருந்தான். நீக்கப்பட்டோம். அந்தப் பையனுடைய தாயார் மயக்கம் போடாதது நம் அதிருஷ்டம்.

அழைக்கும் சைகையை மாற்றி, விரித்த கையை மார்பில் சேர்ப்பது என்று வைத்துப் பழக்க ஆறு மாதமாயிற்று. இந்த வருஷம் தையில் மறுபடியும் போனோம். நாய் இல்லாமல் மைதானத்தைச் சுற்றிப் பார்க்க அனுமதிக்கும் சில நிமிஷங்களில், அவன் எங்கே திரும்புவான், நாம் எங்கே நிற்க வேண்டும் என்று அடி அடியாக மனப்பாடம் செய்தோம். பாலம் முடிந்தது, குச்சிகளும் முடிந்தன. குழாய்க்குள் அவன் நுழைந்ததும் மறு வாயிலுக்கு ஓடினோம். பனியில் நனைந்த புல் வழுக்கிக் குப்புற விழுந்தோம்.

வெளியே வந்த வெள்ளையன் வழக்கம்போல் இடது பக்கம் பார்த்தான். ஆளில்லை. வலது பக்கம் பார்த்தான். அங்கேயும் இல்லை. மைதானம் முழுவதும் அவனுக்குத் திறந்து கிடந்தது. கழுத்தில் கயிறு இல்லை. கூப்பிட நம்மால் முடியாது. நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் ஓடவில்லை. நின்று தேடினான். புல் தரையில் கிடந்த உபாத்தியாயரைக் கண்டதும் அருகே வந்து காதை முகர்ந்து பார்த்தான். அதற்கு ஐந்து குற்றப் புள்ளி. படுத்தபடியே அடுத்த கம்பைக் காட்டினோம். போய்த் தாண்டினான், திரும்பிப் பார்த்தான், அதற்குள் நாமும் எழுந்துவிட்டோம்.

ஒன்பது நாய்களில் ஏழாவதாக வந்தோம். மற்ற இரண்டும் நீக்கப்பட்டவை என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். பரிசு வாங்கிய ஒருவர் நம்மிடம் வந்து, "நாங்களெல்லாம் தொண்டை கிழியக் கத்துகிறோம், நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் ஓட்டினீர்களே, என்ன கட்டுப்பாடு!" என்று பாராட்டினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் நம்பாமல் வெள்ளையன் பின்னால் நின்று மூன்று தரம் விசில் அடித்துப் பார்த்தார். வெள்ளையன் நம் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வருகிற தைக்குள் குழாயில் நேரத்தைக் குறைக்க வேண்டும். பன்னிரண்டு குச்சிகளில் இரண்டைத் தரிசில் ஆடு மேய்க்கும் பெரியவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் புதிதாக வெட்டி வர வேண்டும்.