மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் எங்கே?

காவிரிக் கரையில் உள்ள ஊர், நாமக்கல் மாவட்டம் மோகனூர். கரும்பும் வாழையும் விளையும் பூமி.

கிணற்றில் தண்ணீர் உண்டு. மின்சாரமும் உண்டு. மோட்டார் 'விர்' என்று சுற்றுகிறது. ஆனால் ஒரு சொட்டுக்கூட வரவில்லை!

காரணம், குழாய்க்குள் புகுந்த காற்று.

காற்று தண்ணீரைவிட சுமார் 800 மடங்கு லேசானது. பம்பின் சக்கரம் எவ்வளவு சுற்றினாலும் அதை வெளியே தள்ள முடியாது. சும்மா ஓடவிட்டால் 'சீல்' கருகிவிடும். பயிரும் வாடும்.

என்ன செய்வது?

மோட்டாரை நிறுத்துங்கள். மேல் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றுங்கள். குமிழி நிற்கும்வரை ஊற்றி, இறுக மூடி, பிறகு ஓட்டுங்கள்.

ஊற்றிய தண்ணீர் இறங்கிக்கொண்டே போகிறதா? அடியில் உள்ள 'புட் வால்வில்' குப்பை சிக்கியிருக்கலாம். எடுத்துக் கழுவுங்கள்.

தண்ணீரால் குளிரூட்டும் கம்ப்யூட்டரிலும் இதே தொல்லை உண்டு. அங்கும் முதல் வைத்தியம், காற்றை வெளியேற்றுவதுதான்!