சின்னச் சொல்! பெரிய வம்பு!

கடைத்தெருவில் நண்பரின் தகப்பனாரைத் தற்செயலாகச் சந்திக்கிறீர்கள். அதை நண்பருக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறீர்கள்.

"ரன்" என்றால் ஓடு. அதோடு "இன்டு" சேர்த்தால், "எதிர்பாராமல் சந்தித்தேன்" என்று பொருள். கை தவறி "ஓவர்" என்று சேர்த்தீர்களோ, போச்சு! "உங்கள் அப்பா மேல் வண்டியை ஏற்றிவிட்டேன்" என்று ஆகிவிடும். நண்பர் அலறி அடித்துக்கொண்டு வருவார்.

ஏன் இந்த வம்பு?

"பையன் ஓடி வந்து வீட்டுக்குள் நுழைந்தான்" என்கிறோம் நாம். நுழை, ஏறு, இறங்கு, கட என்று தமிழில் வினைச்சொல்லே வழியைச் சொல்லிவிடுகிறது. ஆங்கிலக்காரர் "ஓடினான்" என்று மட்டும் சொல்லி, பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டுகிறார். "இன்டு" என்றால் உள்ளே. "அவுட்" வெளியே. "அப்" மேலே. "டவுன்" கீழே. எப்படிப் போனான் என்பது வினையில். எந்தப் பக்கம் போனான் என்பது சின்னச் சொல்லில்!

அமெரிக்க மொழி அறிஞர் லெனார்டு டால்மி 1985-ல் இந்த வேற்றுமையை விளக்கி எழுதினார். ஸ்பானிய மொழி நம் கட்சி. அவர்களும் "ஓடி நுழைந்தான்" என்றுதான் சொல்வார்கள்.

நுழைவதற்கு ஆங்கிலத்தில் "என்டர்" இருக்கிறதே என்பீர்கள். அது பிரெஞ்சுச் சரக்கு. 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்து சேர்ந்தது. வீட்டுப் பேச்சில் இன்றும் "கோ இன்", "கம் இன்" தான்.

வழி காட்டும் இந்தச் சொற்களே வழி மாறிப் போவதும் உண்டு. "கோ" என்றால் போ. "ஆஃப்" சேர்ந்தால்? பாலுக்குச் சொன்னால், கெட்டுப்போவது. அலாரக் கடிகாரத்துக்குச் சொன்னால், மணி அடிப்பது. வெடிகுண்டுக்குச் சொன்னால், வெடிப்பது!