கோடையிலும் கழலாத கம்பளி

குளிர்நாட்டுக் குதிரைக்குப் பனிக்காலம் நெருங்கும்போது ரோமம் அடர்ந்து வளரும். வசந்தம் வந்ததும் அது கொத்துக் கொத்தாக உதிர்ந்து, அடியிலிருந்து மினுமினுப்பான குட்டை முடி தெரியும். சில கிழக் குதிரைகளுக்கு மட்டும் கோடை பிறந்தும் அந்தக் கம்பளி கழலாது. முதுகுத் தசை கரையும், வயிறு சரியும், தொட்டித் தண்ணீர் சீக்கிரம் தீரும். 'வயதாகிவிட்டது' என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் அந்தக் குதிரைக்கு அநியாயம் நடக்கிறது. இது மூப்பு மட்டுமல்ல, மருந்துள்ள நோய். 15 வயது தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது வருகிறது.

கோளாறு மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பியில் இருக்கிறது. ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் நரம்புகள் டோபமைனைச் சுரந்து அச்சுரப்பியின் நடுப்பகுதியை அடக்கி வைத்திருக்கும். முதுமையில் அந்நரம்புகள் நலிந்தால் கடிவாளம் தளர்கிறது. நடுப்பகுதி பெருத்து, ஏசிடிஎச் முதலிய ஹார்மோன்களைக் கொட்டத் தொடங்குகிறது. மனிதரிடம் இதையொத்த நோயை விவரித்த அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்கின் பெயரால் இதையும் குஷிங் நோய் என்கிறார்கள். ஆனால் மனிதருக்குக் கெடுவது சுரப்பியின் முன்பகுதி.

ரத்தத்தில் ஏசிடிஎச் அளவைப் பார்த்து நோயை அறிவார்கள். இலையுதிர் காலத்தில் நலமான குதிரைக்கும் இந்த அளவு ஏறும் என்பதால், மாதத்தைக் கணக்கில் கொள்ளாமல் முடிவைப் படிக்கக் கூடாது.

இந்நோயின் மிகக் கொடிய முகம் குளம்பில் தெரியும். குதிரையின் பாரத்தைத் தாங்கும் எலும்பைக் குளம்புச் சுவரோடு பிணைத்திருப்பவை மெல்லிய திசு மடிப்புகள். நோயுற்ற பல குதிரைகளுக்கு இன்சுலினும் மிகுந்துவிடுகிறது. அப்போது அந்த மடிப்புகள் இழுபட்டுப் பிரிகின்றன, உள்ளிருக்கும் எலும்பே இடம் பெயரலாம். ஒவ்வோர் அடியும் நரக வேதனை. அதனால் இன்சுலின் மேலும் ஏறாதபடி தானியத்தையும் இளம்புல்லையும் குறைத்து, உலர்புல்லை நீரில் ஊறவைத்துச் சர்க்கரையை வடித்துக் கொடுப்பார்கள்.

மருந்து பெர்கோலைடு, டோபமைன் செய்த வேலையை இது செய்கிறது. மனிதரின் பார்க்கின்சன் நோய்க்குத் தரப்பட்டு வந்த மருந்து இது. இதய வால்வுகளைக் கெடுத்ததால் 2007-இல் அமெரிக்காவில் மனிதப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. 2011-இல் அங்கே குதிரைகளுக்கு அனுமதி கிடைத்தது. நலிந்த நரம்பை இது மீட்காது. தினம் ஒரு வேளை, ஆயுள் முழுக்கத் தர வேண்டும். தொடக்கத்தில் சில குதிரைகள் தீவனத்தை ஒதுக்கும். மருத்துவர் அளவைக் குறைத்து, மெல்ல ஏற்றுவார்.

மருந்து வேலை செய்யும்வரை, வெயிலில் வியர்த்துத் தவிக்கும் குதிரையின் ரோமத்தைக் கத்தரித்துவிடுவார்கள். மருந்து ஒத்துக்கொண்ட குதிரையை அடுத்த வசந்தத்தில் தேய்த்துவிடும்போது, பிரஷ்ஷோடு கொத்துக் கொத்தாக முடி வரும்.