உளி சென்ற வழி – 14: நாமக்கல்லார் இருவர்

பேரூர்க் கனகசபையில் யானையுரித்த பெருமானின் தூணுக்கு எதிரே உட்கார்ந்து, பென்சிலைக் கைநீள நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திருமுகத்தின் நீளத்தை அளந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்கு மேல் ஞாபகமூட்ட வேண்டியதில்லை. புதிதாக வருகிறவர்கள் பழைய இதழ்களைத் தேடிக்கொள்ளட்டும்.

தாளக் கணக்கை இந்த வாரம் விரிப்பதாகச் சொல்லியிருந்தேன். முகத்தின் நீளத்தைத் தாளம் என்று வைத்து, அதைப் பன்னிரண்டு அங்குலமாகப் பகுத்து, இன்ன தெய்வத்துக்கு இத்தனை தாளம் என்று விதிக்கிற சிற்ப சாஸ்திரம், உத்தம தசதாளத்துக்கு 124 அங்குலம் என்று கறாராகச் சொல்லிவிடுகிறது. ஓவியப் பள்ளியில் சேர்ந்த மாணவனுக்கு முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற, பென்சிலால் தலையை அளந்து உடம்புக்கு எத்தனை தலை என்று எண்ணுகிற வித்தையும் ஏறக்குறைய இதேதான். ஆனால் தூணடியில் உட்கார்ந்து அண்ணாந்து அளக்கிறவனுக்கு, பாதம் அருகிலும் முகம் தூரத்திலும் இருக்கிற காரணத்தால், சாஸ்திரத்தின் தொகையும் பென்சிலின் தொகையும் ஒருநாளும் ஒத்துவருவதில்லை. இந்த வித்தியாசத்தைச் சிற்பி முன்கூட்டியே உணர்ந்து முகத்தைச் சற்றுப் பெரிதாக வைத்தானா, பார்க்கிறவன் தன் மனத்தில் சரிசெய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டானா என்பது சாவகாசமாக ஆராய வேண்டிய விஷயம். செவ்வாய்க்கிழமைக்குள் பிரதி வந்தாக வேண்டும் என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கும்போது அதில் இறங்குவது உசிதமல்ல.

தவிரவும், இந்த வாரம் என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிற சங்கதி வேறு. ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொகுதியைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஓவியர் சில்பி நாமக்கல்லில் பிறந்தவர் என்பதும், அப்போது சீனிவாசனாக இருந்த அந்தச் சிறுவனின் கைத்திறனைக் கண்டு சென்னை ஓவியப் பள்ளிக்குப் போகும்படி வழிகாட்டியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை என்பதும், தனித்தனியே அறிந்திருந்த இரண்டு செய்திகள், திடீரென்று ஒன்றோடொன்று சேர்ந்து எனக்குப் புதிய அர்த்தம் கொடுத்துவிட்டன. உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் பாட்டெழுதியவர், 1949-இல் அரசவைக் கவிஞரானவர் என்று நாம் அறிந்திருக்கிற பிள்ளையவர்கள், கவிதையால் பெயர் பெறுவதற்கு முன்பே தூரிகையால் ஜீவனம் நடத்தியவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி வரைந்த படத்துக்குத் தங்கப் பதக்கம் பெற்றவர். ஆகவே, பையனின் கோட்டைப் பார்த்து அவர் சொன்னது ஒரு பெரிய மனிதரின் உபசார வார்த்தையல்ல, தொழில் தெரிந்தவரின் மதிப்பீடு.

அந்த ஊரும் லேசுப்பட்ட ஊரல்ல. ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிற மலையில், எட்டாம் நூற்றாண்டில் அதியர் குலத்தார் குடைந்த குடைவரைகள் இரண்டு. நரசிம்மர் குடைவரையில் வராகரும், உலகளந்தவனும், இரணியனை மடியில் கிடத்தி வயிற்றைக் கிழிக்கிற சிங்கப் பிரானும் பாறையோடு பாறையாக இருக்கிறார்கள். தெருவில் விளையாடிவிட்டு வீடு திரும்புகிற பிள்ளைக்குக் கூப்பிடு தூரத்தில் இத்தனை ரூபங்கள் காத்திருந்தால், கையில் கரித்துண்டு அகப்படுகிற நாளில் அவன் பூனையையும் குருவியையுமா வரைந்துகொண்டிருப்பான்? இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் கிடையாது. கொங்கு நாட்டான் என்ற பாத்தியதையில் சொல்கிறேன்.

1919-இல் பிறந்த சீனிவாசன், தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைவராக இருந்த காலத்தில் சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றார். மெரீனாக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை வடித்த அதே ராய் சௌத்ரிதான். பிறகு 1940-களில் ஆனந்த விகடனில் சேர்ந்தபோது, கோபாலனைக் கோபுலு ஆக்கிய மாலி, இவருக்குச் சில்பி என்று பெயர் சூட்டினார். கோயில் கோயிலாகச் சென்று, மூர்த்தியின் முன்னேயே அமர்ந்து, தீப வெளிச்சத்தில் கண்டதைக் கண்டபடி எழுதிக்கொண்டு வந்து, பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் பத்திரிகையில் அவர் கொடுத்துக்கொண்டிருந்த சித்திரங்களை, பூஜையறையில் சட்டம் போட்டு மாட்டி வைத்த வீடுகள் எத்தனையோ. கர்ப்பக்கிருகத்துக்குள் காமிராவுக்கு இடமில்லை என்பது மட்டுமே அவற்றின் மதிப்புக்குக் காரணம் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. காமிரா தாராளமாகப் போகக்கூடிய மண்டபத்தில்கூட அது செய்ய முடியாத காரியம் ஒன்று இருக்கிறது.

பேரூரிலேயே அதைக் காட்ட முடியும். நான் வரைந்துகொண்டிருந்தபோது, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர், சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, போன்ல ஒரு படம் புடிச்சுப்போட்டுப் போனா வேலை முடிஞ்சுதுங்களே?” என்று கேட்டார். “புடிச்சுப் பாருங்கய்யா” என்றேன். பேரன் போனை எடுத்தான். பின்னால் நகர்ந்தான், முதுகு எதிர்த்தூணில் இடித்தது. அப்படியும் முழு உருவமும் சட்டத்துக்குள் அடங்கவில்லை. போனை மேலே சாய்த்தபோது பாதம் பருத்து, முகம் சிறுத்து, பெருமான் மல்லாந்து விழுகிறவரைப் போல ஆகிவிட்டார். பெரியவர் படத்தையும் தூணையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, “சாமி இப்படி இல்லீங்களே” என்றார்.

வரைகிறவனுக்கு இந்தச் சங்கடமில்லை. யானையின் தலைமேல் ஊன்றிய பாதத்தை அவன் தரையில் குந்தியிருந்து எழுதிக்கொள்கிறான். பின்னால் விரித்த தோலைப் பற்றியிருக்கிற மேற்கைகளின் விரல்களைக் காணப் பக்கவாட்டில் நகர்கிறான். நேர் எதிரில் கருப்பாக அப்பிக்கிடந்த அந்தத் தோலுக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள பள்ளம், விளக்கு ஓரமாக வரும்போதுதான் வாய் திறக்கிறது என்பதால், அதற்காகக் காத்திருக்கிறான். எண்ணெய் ஏறிப் பளபளக்கிற கருங்கல்லில் எது கல்லின் வளைவு, எது வெறும் மினுக்கம் என்று தெரிந்துகொள்ளத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். நகர்கிறது மினுக்கம், நகராதது வளைவு. இப்படிப் பல இடங்களில் நின்று பல நேரங்களில் கண்டதையெல்லாம் ஒரே தாளில் ஓர் உருவமாகக் கூட்டுகிற காரியம்தான் ஸ்தலத்தில் வரைவது. சில்பியின் சித்திரங்களில் மாலையின் பூவும், கிரீடத்தின் மணியும், நிழலுக்குள் இருக்கிற விரலும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒருசேரத் தெரிகின்றன என்றால், ஒரு கணத்தில் ஒரு கண் கண்ட காட்சி அல்ல அது என்பதே காரணம்.

பதினேழாம் நூற்றாண்டில் மதுரை அளகாத்திரி நாயக்கர் எழுப்பிய இந்தக் கனகசபையைப் பற்றி இன்னொரு வார்த்தை. பேரூரின் அதிசயங்கள் என்று ஐந்தைச் சொல்வார்கள்: இறவாத பனை, பிறவாத புளி, புழுக்காத சாணம், ஆற்றிலிட்ட எலும்பு கல்லாவது, உயிர்கள் வலச்செவி மேலாக இறப்பது. இந்த ஐந்திலும் கனகசபையின் தூண்கள் சேரவில்லை! பட்டியலிட்ட புண்ணியவான்கள் நாயக்கர் காலத்துக்கு முந்தியவர்களாக இருக்கலாம் என்று சமாதானம் செய்துகொண்டாலும், பிற்பாடு வந்தவர்களாவது ஆறாவதாக ஒன்று சேர்த்திருக்கலாம். ஆலங்காட்டுக் காளி ஒருத்திக்காகவே சேர்த்திருக்கலாம்.

உடன் வந்து வரைய விரும்புவதாக எழுதியிருக்கிற அன்பர்களுக்கு: உக்கடத்திலிருந்து செல்வபுரம் வழியாகப் பேரூருக்கு பஸ் இருக்கிறது. கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். விசேஷ நாட்களில் வராதீர்கள். கூட்டம் உங்களையும், நீங்கள் கூட்டத்தையும் தொந்தரவு செய்வீர்கள். மடக்கு நாற்காலி வேண்டாம், தரையே உத்தமம். மையும் தூரிகையும் கொண்டுவந்து கல்தரையில் சிந்தாமல், பென்சிலும் கெட்டி அட்டைப் பேடும் ஒரு ரப்பரும் கொண்டு வந்தால் போதும். ஆடுகிற கணபதியிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். அவருடைய தொந்தி ஆரம்பக்காரனின் கோட்டை மன்னித்துவிடும், வீரபத்திரரின் முழங்கால் மன்னிக்காது.

குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளைக் கொண்டே உருவாக்கி நிறுத்தியிருக்கிற திருவள்ளுவரை எப்போது வரையப்போகிறீர்கள் என்று உக்கடத்து நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உடம்பெல்லாம் எழுத்தாக இருக்கிறவருக்குத் தாளத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது எனக்கும் சுவாரஸ்யமான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் பேரூரில் 124 அங்குலக் கணக்கு பாக்கியிருக்கிறது. அடுத்த வாரம் அதைத் தீர்த்த பிறகே குளக்கரைக்குப் போவோம்.